கூட்டம் சேர்ந்த பிறகுதான் ஒருவழியா?

கார்த்திகை பிறந்தால் மாலை போடுவது ஐயப்ப பக்தர்களின் வழக்கம். அதையொட்டித் தேக்கடியில் கூடிப் பேசுவது தேனி, இடுக்கி மாவட்ட அதிகாரிகளின் வழக்கம். பேசி முடித்ததும் வரும் முடிவும் மாறுவதில்லை. நெரிசல் கூடினால் சபரிமலைக்குப் போகும் வாகனங்கள் கம்பம்மெட்டு வழியாக ஏற்றிவிடப்படும். திரும்புபவை குமுளி வழியாக இறங்கும். கூடினால்! எத்தனை வண்டி சேர்ந்தால் நெரிசல், அதை யார் எண்ணுவது என்பது அவர்களுக்கே வெளிச்சம்.

என்ன நடக்கும் என்பது மலையடிவார லோயர்கேம்ப் டீக்கடைக்காரருக்குக்கூடத் தெரியும். சீசன் தொடக்கத்தில் குமுளி மலைச்சாலையில் ஏறுவதும் இறங்குவதும் ஒன்றாகவே போகும். வெளிமாநிலப் பேருந்து ஒன்று வளைவில் அகலம் பிடித்துத் திரும்பும். எதிரே காய்கறி லாரி முக்கிக்கொண்டு நிற்கும். இடையில் ஒரு கார் மூக்கை நுழைக்கும். அவ்வளவுதான், இரண்டு பக்கமும் வண்டிகள் கட்டி நிற்கும். இப்படிச் சில நாள் திண்டாடிய பிறகு ஒருவழிப்பாதை உத்தரவு வரும். கூட்டம் சற்றுக் குறைந்தால் அதுவும் தளரும், மறுபடி திண்டாட்டம். எந்த நாள் எந்தப் பாதை என்பது உள்ளூர்க்காரனுக்கே புரியாதபோது, விடியவிடிய ஓட்டி வரும் அயலூர் ஓட்டுநருக்கு எப்படிப் புரியும்?

லோயர்கேம்பிலிருந்து குமுளி வரை சுமார் ஆறு கிலோமீட்டர்தான். 2022 டிசம்பர் 23 இரவு, சபரிமலை சென்று திரும்பிய ஆண்டிபட்டிப் பக்கத்து பக்தர்கள் எட்டுப் பேர் இதே சாலையில் செத்தார்கள். பெரியாறு மின்நிலையத்துக்குத் தண்ணீர் இறங்கும் ராட்சதக் குழாய்களுக்கு அருகே அவர்கள் வந்த வண்டி பள்ளத்தில் பாய்ந்தது. அவர்கள் வெளியூர்க்காரர்கள்கூட அல்ல, தேனி மாவட்டத்தின் மக்கள். பாதை தெரிந்த ஊர்க்காரர்களுக்கே அந்த இரவு அப்படி முடிந்தது என்றால், மலைச்சாலையையே பார்த்திராதவர்கள் கதி என்ன?

அப்படிப்பட்டவர்கள் கூடிக்கொண்டே போகிறார்கள் என்பதுதான் நம் கவலை. மதுரையில் மீனாட்சியைப் பார்த்துவிட்டுத் தேக்கடிக்குப் போகும் வெளிநாட்டவர்கள் பெரும்பாலும் டிராவல்ஸ் காரில், பழகிய டிரைவருடன்தான் வருவார்கள். இப்போது கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து மின்னும் வாடகைக் கார்களைத் தாமே ஓட்டுபவர்களும், வாடகை புல்லட்டில் வருபவர்களும் சேர்ந்துகொண்டார்கள். அவர்களில் பலர் சாலையின் வலப்பக்கம் ஓட்டிப் பழகியவர்கள். ஆபத்தான வளைவில் கை எந்தப் பக்கம் ஒடிக்கும் என்று யாரால் சொல்ல முடியும்? நம்மவர்களும் சளைத்தவர்கள் அல்ல. சொந்த உபயோகத்துக்கென்று பதிவான ஓன் போர்டு காரை நாள் வாடகைக்கு எடுத்து, ஆக்டிங் டிரைவர் ஒருவரைப் பிடித்துப்போட்டு, அவரைத் தூங்கவிடாமல் பம்பைக்கும் ஊருக்கும் ஓட்ட வைக்கிறார்கள்.

ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும் என்பது மலை டிரைவரின் பாலபாடம். சமவெளிக்காரர் டாப் கியரிலோ, டீசல் மிச்சம் என்று நியூட்ரலிலோ உருட்டி, வழிநெடுகப் பிரேக்கை மிதித்துக்கொண்டே வருகிறார். பிரேக் லைனிங் கருகும் வாடை லோயர்கேம்பில் மூக்கைத் துளைக்கிறது. அகலம் போதாத இடத்தில் ஏறும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிட வேண்டும் என்று சாலை விதியே இருக்கிறது. அது எத்தனை பேருக்குத் தெரியும்? ஒருவழிப்பாதை நிரந்தரமாக இருந்தால் இந்த அறியாமைகளில் பாதி உயிரைக் குடிக்காது. எதிரே வண்டியே வராத சாலையில் தவறு செய்தவனுக்கும் தப்பிக்க ஒரு வாய்ப்பு உண்டு. எளிய கணக்கு. இதற்கு ஏன் ஆண்டுதோறும் ஒரு கூட்டம், அதில் ஒரு ‘தேவைப்பட்டால்’?

கம்பம்மெட்டுச் சாலை மட்டும் என்ன வாழ்கிறது? விடிந்தும் விடியாமலும் ஏலத்தோட்டத்துக்கு ஆட்களைத் திணித்துக்கொண்டு ஜீப்புகள் பறக்கும் பாதை அது. திடீரென்று ஒரு நாள் பக்தர்களின் பேருந்துகளையெல்லாம் அங்கே திருப்பிவிட்டால், பேருந்துக்காரருக்கும் அதிர்ச்சி, ஜீப்புக்காரருக்கும் அதிர்ச்சி. முதல் நாளிலிருந்தே என்றால் ஜீப்புக்காரர் தன் நேரத்தை மாற்றிக்கொள்ள மாட்டாரா?

முன்கூட்டி யோசிப்பது என்பது இங்கே யாருக்கும் பழக்கமில்லாத விஷயம். 2018 மார்ச் 11-ல் இதே மாவட்டத்தின் குரங்கணி மலையில் தீயில் சிக்கி மலையேற வந்தவர்கள் 20-க்கும் மேற்பட்டோர் மாண்ட பிறகுதான், யார் அனுமதித்தது, எந்தப் பாதைக்கு அனுமதித்தது என்ற தேடலே தொடங்கியது. திண்டுக்கல்–குமுளி நெடுஞ்சாலைப் பணி பல ஆண்டு பாதியில் கிடந்தது. ஒருவழியாகப் புறவழிச்சாலைகள் வந்தன. வந்தவையும் நடுவே தடுப்பில்லாத இருவழிச் சாலைகள். சுங்கம் வசூலிக்க மட்டும் மறக்கவில்லை. 2010 கடைசியில் நிறுத்திய ரயில் போடிக்குத் திரும்பி வர 2023 ஜூன் ஆனது. அது வேறு இலாகா என்பார்கள். நமக்கு எல்லாம் ஒரே இலாகாவாகத்தான் தெரிகிறது.

மறுபடி அந்த வெளிநாட்டு ஓட்டுநர்களிடம் வருவோம். இலங்கையில் 2025 ஆகஸ்ட் முதல், வெளிநாட்டுப் பயணிகளுக்குக் கட்டுநாயக்க விமான நிலையத்திலேயே தற்காலிக ஓட்டுநர் உரிமம் கொடுக்கிறார்கள். அது சரியா என்று அங்கே விவாதம் நடந்தது. சரியோ தவறோ, கவுன்டரில் உட்கார்ந்து ஒருவர் உரிமத்தையாவது புரட்டிப் பார்க்கிறார். இங்கே லோயர்கேம்ப் சோதனைச் சாவடியைக் கடக்கும் வாடகைக் காரில் ஸ்டியரிங் பிடித்திருப்பவரிடம் சர்வதேச ஓட்டுநர் அனுமதி இருக்கிறதா, அவர் கடைசியாக எப்போது தூங்கினார் என்று கேட்க ஆள் உண்டா?

கார்த்திகை முதல் தேதியில் தொடங்கி மகரவிளக்குக் கூட்டம் வடியும் வரை, ‘கூடினால்’ என்ற வார்த்தையே இல்லாமல் ஒருவழிப்பாதை நடைமுறைக்கு வரவேண்டும். மே மாதத்துக்கும் தொடர் விடுமுறைகளுக்கும் இதுபோல் ஏதாவது ஏற்பாடு தேவை. தேனியிலிருந்து தேக்கடிக் கூட்டத்துக்குப் போகிறவர்களின் ஜீப்பும் இந்த மலைச்சாலையில்தான் ஏறுகிறது, சைரன் போட்டு, எதிரே வருபவர்களை ஓரங்கட்டிக்கொண்டு. அடுத்த முறை சைரன் இல்லாமல், சீசனில் ஒரு சனிக்கிழமை இரவு இறங்கி வந்து பார்க்கட்டும்.