குலுக்கலில் ஒரு நர்ஸ்

அமெரிக்கக் கல்லூரிகளின் தரவரிசை ஒன்றை இந்த வாரம் பார்த்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. விண்ணப்பித்த நூறு பேரில் நான்கு பேர் அளவுக்கே இடம் தரும் ஹார்வர்டும் ஸ்டான்ஃபோர்டும் உச்சியில் இருக்கின்றன. வந்தவர்களையெல்லாம் சேர்த்துக்கொள்ளும் சமுதாயக் கல்லூரிகளுக்கு அதில் இடமே இல்லை. எத்தனை பேரைத் திருப்பி அனுப்பினோம் என்பதா ஒரு கல்லூரிக்குப் பெருமை?

இங்கே கிளார்க் கெரைச் சொல்லாமல் முடியாது. கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத் தலைவராக இருந்தபோது, 1960-ல், அவர் முன்னின்று உருவாக்கிய உயர்கல்வித் திட்டம், முதல் எட்டில் ஒரு பங்கு மாணவர்களுக்குப் பல்கலைக்கழகத்தையும், முதல் மூன்றில் ஒரு பங்குக்கு மாநிலக் கல்லூரியையும் ஒதுக்கியது. மற்ற எல்லோருக்கும் இரண்டாண்டு சமுதாயக் கல்லூரி. அங்கே நன்றாகப் படித்தால் மூன்றாம் ஆண்டில் அந்தப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்துக்கே போகலாம். பள்ளியில் சுமாராகப் படித்த நடிகர் டாம் ஹாங்க்ஸ், ஹேவர்டில் உள்ள ஷபோ கல்லூரிக்குப் போனது இந்த வழியில்தான். அந்தக் கல்லூரிக்குத் தான் பட்ட கடனைப் பற்றி 2015-ல் நியூயார்க் டைம்ஸில் மனம்விட்டு எழுதினார்.

ஆனால் இந்தக் கல்லூரிகளுக்கு உள்ளேயே ஒரு கதவு சாத்தியிருக்கிறது. அதுதான் நர்சிங். உடற்கூறியல், உடலியங்கியல், நுண்ணுயிரியல் மூன்றிலும் நல்ல கிரேடு வாங்கிய பிறகே விண்ணப்பிக்க முடியும். அதன் பிறகும் இடம் நிச்சயமில்லை. சில கல்லூரிகளில் தகுதி பெற்றவர்களின் பெயர்களைக் குலுக்கிப் போட்டு எடுக்கிறார்கள். பகலில் வேலை, இரவில் எலும்புகளின் பெயர்கள் என்று படித்து முடித்த ஒரு தாய், குலுக்கலில் பெயர் வராமல் அடுத்த முறைக்குக் காத்திருக்கிறாள்.

கல்லூரியின் கர்வம் இதற்குக் காரணமில்லை. வார்டில் நடப்பதைப் பார்த்தால் புரியும். மாணவி மருந்தைச் சிரிஞ்சில் ஏற்றுகிறாள். நோயாளியின் மணிக்கட்டுப் பட்டையில் பெயரையும் பிறந்த தேதியையும் படிக்கிறாள். மருந்தின் அளவை வாய்விட்டுச் சொல்கிறாள். பக்கத்தில் நிற்கும் ஆசிரியை தலையசைத்த பிறகுதான் ஊசி இறங்கும். இப்படி ஒருவர் பத்துப் பேருக்கு மேல் கவனிக்க முடியாது. அந்த ஆசிரியைக்கோ பெரும்பாலும் முதுநிலைப் பட்டம் வேண்டும். அதை வைத்திருப்பவருக்கு மருத்துவமனை கூடுதல் சம்பளம் தருகிறது. பிறகு யார் கற்பிக்க வருவார்கள்?

இங்கே இரண்டாண்டு படித்தவரும் நான்காண்டுப் பட்டம் பெற்றவரும் எழுதுவது ஒரே உரிமத் தேர்வு, என்கிளெக்ஸ். நோயாளிக்குக் கிடைப்பது அதே உரிமம் பெற்ற நர்ஸ்தான். தரவரிசை போடுகிறவர்கள் அதை எப்படியும் போட்டுக்கொள்ளட்டும். மாநில அரசுகள் இந்த ஆசிரியைகளுக்கு மருத்துவமனை தரும் சம்பளத்தைத் தரவேண்டும். மருத்துவமனைகள் வார்டுகளை மாணவிகளின் பயிற்சிக்குத் திறந்துவிடவேண்டும். ஓர் ஆசிரியை கூடினால், குலுக்கலில் விடுபட்டவர்களில் பத்துப் பேர் வெள்ளைக் காலணி வாங்கக் கிளம்பிவிடுவார்கள்.