தூதருக்கு எப்போ கோபம் வரும்?

ரெண்டு நாடுங்க ஒருத்தர் மனசு ஒருத்தர் நோகாம ஒரு காரியத்தை முடிச்சிட்டாங்கன்னா, நடுவுல யாரோ அடி வாங்கியிருக்காங்கன்னுதான் அர்த்தம். இது என் கட்சி. ஆதாரம் கேட்டீங்கன்னா, ப்ராக் விமான நிலையம்.

1990களோட கடைசியில செக் குடியரசுல இருந்து ரோமா மக்கள் நிறைய பேர் பிரிட்டன்ல போய் அடைக்கலம் கேட்டாங்க. அதைத் தடுக்கணும். ஸ்லோவாக்கியாவுக்கு 1998ல செஞ்ச மாதிரி எல்லாருக்கும் விசான்னு போட்டா மொத்த நாடும் முகம் சுளிக்கும். அதனால, 2001 ஜூலையில, செக் அரசாங்கத்தோட சம்மதத்தோடவே, பிரிட்டிஷ் குடிவரவு அதிகாரிங்க ப்ராக் விமான நிலையத்துல வந்து உட்கார்ந்தாங்க. விமானம் ஏறுறதுக்கு முன்னாடியே விசாரணை.

என்ன ஆச்சு? ஐரோப்பிய ரோமா உரிமைகள் மையம் அங்கேயே ஆள் வச்சு எண்ணுச்சு. ரோமா அல்லாதவங்க 6,170 பேர்ல 14 பேரைத்தான் திருப்பி அனுப்பினாங்க. ரோமா 78 பேர்ல 68 பேரை! கிட்டத்தட்ட 400 மடங்கு வித்தியாசம்.

"அடைக்கலம் கேட்டது பெரும்பாலும் அவங்கதானே, கூடுதலா நாலு கேள்வி கேட்டா என்ன?" அப்படின்னு சிலர் கேட்கலாம். ஊர்க்காரன் எவனோ கேட்டான்ங்கிறதுக்காக, பேத்தி கல்யாணத்துக்குப் போற பாட்டியை நிறுத்துறது விசாரணை இல்லீங்க. முகத்தைப் பார்த்தே தீர்ப்பு எழுதுறது. 2004 டிசம்பர்ல பிரிட்டனோட பிரபுக்கள் சபை நீதிபதிகளும் (அப்போ அங்க உச்ச நீதிமன்றம் அதான்) இது இனப் பாகுபாடுதான்னு சொல்லிட்டாங்க. ஆனா சொந்த நாட்டை விட்டே கிளம்பாதவங்களுக்கு அகதிகள் ஒப்பந்தம் பொருந்தாதுன்னும் சேர்த்துச் சொன்னாங்க. பாதி ஜெயிப்பு.

நமக்கென்ன வந்துச்சுன்னு நினைக்காதீங்க. குறிப்பிட்ட சில இனத்தவரை மத்தவங்களை விடக் கடுமையா விசாரிக்கலாம்னு 2001 ஏப்ரல்ல பிரிட்டிஷ் அமைச்சர் ஒரு அனுமதி கொடுத்திருந்தார். ரோமா, குர்து, அல்பேனியர், சோமாலியர், ஆப்கானியர்... அந்தப் பட்டியல்ல தமிழரும் உண்டு. ப்ராக்ல அந்த அனுமதியைப் பயன்படுத்தலைன்னு அரசுத் தரப்பு சொன்னது வேற கதை.

இப்போ கதையோட மறுபாதி. 2009 ஜூலையில கனடா செக் நாட்டுக்காரங்க எல்லாருக்கும் விசான்னு அறிவிச்சது. காரணம் அதே ரோமா மக்கள் கேட்ட அடைக்கலம்தான். உடனே செக் அரசாங்கம் ஒட்டாவாவுல இருந்த தன் தூதரைத் திருப்பிக் கூப்பிட்டுக்கிச்சு. 2013ல அந்த விசா போற வரைக்கும் உரசல்தான்.

அதே நாடு, அதே குடிமக்கள். 2001ல ரோமாவை மட்டும் சலிச்சப்போ ஒத்துழைப்பு. 2009ல எல்லாரையும் சேர்த்து நிறுத்தினப்போ ரோஷம்!

எனக்கென்னவோ, எல்லாருக்கும் விசாங்கிறதுதான் ரெண்டுல நேர்மையான அவமானமா தெரியுது. அதுலயாவது கோவிச்சுக்க ஒரு தூதர் இருக்கார். கவுண்டர்லயே திருப்பி அனுப்பப்பட்ட அந்த 68 பேருக்காகக் கோவிச்சுக்க அவங்க சொந்த அரசாங்கம் கூட இல்லை.

நாட்டு மானம், நல்லுறவுன்னு யாராவது பேசினா, ஒரே ஒரு கேள்வி கேளுங்க. அந்த மானத்துல எல்லாக் குடிமக்களுக்கும் பங்கு உண்டா?