தள்ளு கதவு: அம்மா அறைக்கு ஆகும்... நெல் அறைக்கு ஆகாது!

கேள்வி: ‘‘பழைய ஓட்டு வீட்டைப் பிரித்துவிட்டுப் புது வீடு கட்டும் வேலை நடக்கிறது. இடுப்பு எலும்பு முறிந்து தேறிய அம்மா, வாக்கர் பிடித்து நடக்கிறார். அவருடைய அறைக்கும், அதை ஒட்டிய நெல் மூட்டை அறைக்கும் மேலே ரெயிலில் தொங்கி ஓடும் தள்ளு கதவு போடலாம் என்கிறான் மகன். கொத்தனார் வேண்டாம் என்கிறார். யார் சொல்வது சரி?’’

- வாசகர், உத்தமபாளையம் வட்டாரம்.

பதில்: இருவர் சொல்வதும் பாதி சரி. மகன் சொல்வது அம்மா அறைக்குப் பொருந்தும். கொத்தனார் சொல்வது நெல் அறைக்குப் பொருந்தும்.

அமெரிக்கப் பண்ணைக் கொட்டகைகளில் இருந்து வீட்டுக்குள் வந்த கதவு இது. வைக்கோல் வண்டி நுழையும் அகலத்துக்குக் கீல் கதவு மாட்டினால், எடை தாங்காமல் தொங்கிவிடும், காற்றில் அடித்துக்கொள்ளும். அதனால் சுவரை ஒட்டி நகரும்படி மேலே தொங்கவிட்டார்கள். கதவுக்கும் சுவருக்கும் நடுவே அரை அங்குலம் வரை சந்து இருக்கும். கொட்டகையில் அது பெரிய விஷயம் இல்லை. வீட்டில் அந்தச் சந்தைப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

அம்மா அறை

3 அடி கீல் கதவு திறந்து மூட, சுமார் 7 சதுர அடி தரை காலியாக இருக்க வேண்டும். வாக்கருடன் நிற்பவர் கதவை இழுக்கும்போது பின்னால் நகர வேண்டிவரும். அப்போது தடுமாறி விழ வாய்ப்பு உண்டு. தள்ளு கதவில் இந்தச் சிக்கல் இல்லை, கீழ்ப்படியும் தேவையில்லை. உள்ளே அவர் விழுந்து கிடந்தாலும், உள்பக்கம் திறக்கும் கீல் கதவைப் போல உடல் தடுத்து நிற்காது. வெளியே இருந்து நகர்த்தித் திறக்கலாம். அதற்கு ஏற்றபடி, வெளியே இருந்தும் திறக்கக்கூடிய கொக்கி போட வேண்டும். சத்தமும் வெளிச்சமும் கொஞ்சம் உள்ளே வரும் என்பதைத் தெரிந்துகொண்டு போடுவது நல்லது.

நெல் அறை

சுண்டெலி நுழைய பென்சில் பருமன் சந்தே போதும். அரை அங்குலம் என்றால் அது ராஜபாட்டை. பெரியாறு தண்ணீரில் இரண்டு போகம் எடுத்து, சாப்பாட்டுக்கும் விதைக்கும் ஒதுக்கிய நெல்லை எலிக்குக் கொடுக்க முடியாது. ஆனி, ஆடிக் காற்றில் தூசும், ஐப்பசி அடைமழையில் ஈரக்காற்றும் அதே வழியில் வரும். விதைநெல்லை 12 சதவிகித ஈரத்துக்குக் காயவைத்து அடுக்கினாலும், காற்றின் ஈரத்தை அது திரும்ப இழுத்துக்கொள்ளும்.

இந்த அறைக்குக் கீல் கதவும் கீழ்ப்படியும்தான் சரி. கதவின் அடிப்பகுதியில் ஓர் அடி உயரத்துக்குத் தகரம் அடித்தால் எலி கடிக்காது. மூட்டைகளைப் பலகை மீது, சுவரில் இருந்து ஒன்றரை அடி தள்ளி அடுக்க வேண்டும். இந்த அறைக்கு வாசலை அம்மா அறைப் பக்கம் வைக்காமல், தாழ்வாரத்தில் வைப்பது மேல்.

கதவு எதுவானாலும், வண்டுக்காக அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையை வீட்டு அறைக்குள் வைக்கவே கூடாது. அதில் இருந்து வரும் வாயு, சந்து வழியாகப் பக்கத்து அறைக்குப் போய் உயிரைக் குடித்துவிடும். பூச்சிக்கொல்லி மருந்துகளையும் நெல் அறையில் வைக்காமல், தனியாகப் பூட்டி வைக்க வேண்டும்.

போடுவதற்கு முன்...

* 3 அடி வாசலுக்குக் கதவு 3 அடி 4 அங்குல அகலமாவது வேண்டும். அது ஒதுங்கி நிற்க, பக்கத்தில் அதே அளவு வெற்றுச் சுவர் வேண்டும். அங்கே ஸ்விட்ச் போர்டோ, அலமாரியோ இருக்கக் கூடாது. சுவரில் சாக்பீஸால் கோடு போட்டுப் பார்த்துவிடலாம்.

* ஒன்றரை அங்குல தேக்குக் கதவு 50 கிலோவைத் தாண்டும். லிண்டல் கான்கிரீட் போடும்போதே ரெயில் நீளத்துக்கு, அதாவது 7 அடிக்கு, நீட்டிவிட வேண்டும். இப்போது செலவு குறைவு. பிறகு சுவரை உடைக்க வேண்டிவரும். ஹாலோ பிளாக் சுவரில் போல்ட் நிற்காது.

* ரெயிலின் இரண்டு முனையிலும் தடுப்பு, உருளை துள்ளி வெளியே வராமல் இருக்கப் பூட்டு... இந்த இரண்டும் இல்லாமல் மாட்டக் கூடாது. கதவு கழன்றால், விழுவது வாக்கர் பிடித்தவர் மீதுதான்.

* தரையில் பள்ளம் வெட்ட வேண்டாம். வாக்கரின் கால் மாட்டும். சுவர் ஓரத்தில் சின்ன வழிகாட்டித் துண்டு போதும். கைப்பிடி, முழுக் கையும் நுழையும் அளவுக்குப் பெரிதாக இருக்கட்டும்.

தலைவாசலுக்குத் தள்ளு கதவு வேண்டாம். பவர் டில்லர் நிறுத்தும் ஷெட், தீவனக் கொட்டகைக்குத் தாராளமாகப் போடலாம். காற்றில் ஆடாமல் இருக்கக் கீழேயும் ஒரு தாழ்ப்பாள் வேண்டும். லிண்டல் மட்டத்துக்குச் சுவர் எழும்புவதற்குள், கொத்தனாரையும் மகனையும் ஒன்றாக நிறுத்தி அளவைக் குறித்துவிடுவது நல்லது. அம்மாவையும் வாக்கரோடு ஒருமுறை அந்த வாசலில் நடந்து பார்க்கச் சொன்னால், அகலம் போதுமா என்பது அப்போதே தெரிந்துவிடும்.