வருமானக் கோடு அறியாத நுரையீரல்

மாரிகுப்பத்தில் பொது மருத்துவக் காப்பீட்டைப் பற்றிப் பேசுவோர் அட்டையின் தொகையிலிருந்து தொடங்குகின்றனர். அத்திட்டம் எந்தச் சிகிச்சையைச் சிகிச்சையாகக் கொள்கிறது, யாரை ஏழையாகக் கொள்கிறது என்னும் இரு வினாக்களே முதலில் எழவேண்டியவை.

கோலார் தங்கவயல் தன் தொழிலாளருக்குத் தந்த நோய் சிலிகோசிஸ். 1940களில் இங்கு பரிசோதிக்கப்பட்ட 7,653 தொழிலாளருள் பத்துக்கு நால்வருக்கும் மேல் அந்நோய் கண்டறியப்பட்டது. மைசூர் அரசு 1940இலேயே அதனை இழப்பீட்டுக்குரிய தொழில்நோயாக ஏற்றது. சுரங்கம் இயங்கியவரை நிறுவனத்தின் மருத்துவமனையும் இருந்தது. 2001 பிப்ரவரி 28இல் சுரங்கம் மூடப்பட்டது. பாறைத்தூசியோ நுரையீரலிலேயே தங்கிவிட்டது.

இன்று ஆயுஷ்மான் பாரத் – ஆரோக்கிய கர்நாடகத் திட்டம், வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை மருத்துவமனைச் சிகிச்சைக்கு வழிசெய்கிறது. அதன் பயனை யாரும் மறுக்க இயலாது. ஆயினும் சிலிகோசிஸ் நோயாளிக்குத் தேவைப்படுவது பெரும்பாலும் அறுவைச் சிகிச்சை அன்று. இடையறாத மருந்தும் பரிசோதனையும், முற்றிய நிலையில் வீட்டிலேயே ஆக்சிஜனும் ஆகும். உள்நோயாளரை மையமாகக் கொண்ட திட்டத்துக்கு இவை புறம்பானவை. அரசு மருத்துவமனையில் கிடைக்காதவற்றை நோயாளி கைக்காசு கொடுத்தே வாங்கவேண்டும்.

இரண்டாவது வினா கோட்டைப் பற்றியது. கர்நாடகத்தில் வறுமைக்கோட்டு அட்டைக்கான ஆண்டு வருமான வரம்பு 1.2 லட்சம் ரூபாய். அதாவது மாதம் 10,000. மாரிகுப்பத்தில் ரயிலேறிப் பெங்களூரில் உழைத்து 11,000 ஈட்டுபவர் கோட்டைக் கடந்துவிடுகிறார். அவருக்குத் திட்டம் தருவது தொகுப்புக் கட்டணத்தில் 30 விழுக்காடு மட்டுமே. மாதம் 11,000 பெறுபவரும் 1,10,000 பெறுபவரும் இங்கே ஒரே வகுப்பினர். பின்னவர் தனியார் காப்பீடு எடுத்தால், பழைய வரிமுறை அவருக்கு வரிச்சலுகையும் தருகிறது. பொதுப்பணம் அவருக்கும் செல்கிறது. ஆனால் அதனை யாரும் இலவசம் என்பதில்லை.

வருமானச் சான்றைக் காட்டிலும் நோய்ச் சான்றுக்கு முதன்மை தரமுடியும் என்பதற்கு முன்மாதிரி உண்டு. 2019இல் ராஜஸ்தான் அறிவித்த கொள்கை, சிலிகோசிஸ் உறுதிசெய்யப்பட்டவருக்கு 3 லட்சம் ரூபாய் உதவித்தொகை வகுத்தது. தங்கவயலுக்கும் அத்தகைய கொள்கை வேண்டும்: முன்னாள் சுரங்கத் தொழிலாளர் அனைவருக்கும் வருமானம் பாராத சிகிச்சை, புறநோயாளர் மருந்துக்கும் ஆக்சிஜனுக்கும் காப்பீடு, ஒரே கோட்டுக்கு மாற்றாக வருமானத்துக்கேற்பப் படிப்படியாகக் குறையும் உதவி.

இதனைச் சலுகையாகக் கருதவேண்டியதில்லை. நூற்றாண்டுக்கு மேல் பொன் எடுத்த மண்ணில், அரசே அறிந்தேற்ற நோய்க்கு நிலுவையில் நிற்கும் கடன் இது.