துறைமுகப் பட்டினத்துக்கு ஒரு பெருங்கழகம் தகுமா?

சென்ற மாதத்து ஞாயிறொன்றின் மாலையில் நாம் ஏகாம்பரம் மைதானத்து ஓரமாக நடந்து செல்ல நேர்ந்தது. கச்சான் காற்று புழுதியை அள்ளி முகத்தில் வீசிக்கொண்டிருந்தது. மைதானத்திலே உள்ளூர்க் கழகங்கள் இரண்டு உதைபந்தாடிக்கொண்டிருந்தன. சுற்றிலும் நின்றவர்களை நாம் எண்ணிப் பார்க்கவில்லை. ஆயினும் ஐந்நூறு பேருக்குக் குறையாதென்பது நமது மதிப்பு. நிழல் கிடையாது, ஆசனம் கிடையாது. மதில்மேல் சிறுவர்கள், சைக்கிளின்மேல் வாலிபர்கள், கடலைச்சுருளும் கையுமாகப் பெரியவர்கள். பத்தாம் இலக்கச் சட்டையணிந்த ஒரு பையன் மூவரை விலக்கிக்கொண்டு பந்தோடு ஓடிய அழகைக் கண்டு நாமும் நின்றுவிட்டோம்.

நமக்குப் பக்கத்தில் நின்ற முதியவர் ஒருவர் நம்மைத் திரும்பிப் பார்த்தார். "வடிவாய்ப் பார்த்துக்கொள்ளுங்கோ தம்பி. அடுத்த வருசம் இந்தப் பெடியனை இங்கை காணமாட்டியள்" என்றார்.

"ஏன் ஐயா, எங்கே போகிறான்?" என்று வினவினோம்.

"எங்கை போறது? கொழும்புக்குத்தான். அங்கை ஒரு கழகம் கூப்பிட்டிருக்காம். இல்லாட்டி வெளிநாடு. இங்கை இருந்து என்ன செய்யிறது?"

அம்முதியவரின் தகப்பனார் பிரித்தானியக் கடற்படையின் கப்பற்பட்டறையில் வேலை பார்த்தவராம். கப்பலிலிருந்து இறங்கிவரும் மாலுமிகளோடு ஊர்ப் பிள்ளைகள் வெறுங்காலுடன் பந்தடித்த கதைகளைத் தகப்பன் சொல்லக் கேட்டு வளர்ந்தவர் அவர். 1957ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் அக்கடற்படை துறைமுகத்தை இலங்கையிடம் ஒப்படைத்துவிட்டுப் போயிற்று. பந்து மட்டும் இங்கேயே தங்கிவிட்டது.

வீடு திரும்பிய பின்னரும் அவருடைய கேள்வி நம்மை விட்டு அகலவில்லை. நமது திருகோணமலை போன்ற ஒரு நடுத்தரப் பட்டினத்தால், நாட்டின் முதல்தரப் போட்டிகளில் ஆடவல்ல ஒரு கழகத்தைச் சொந்தமாக வைத்துக் காப்பாற்ற இயலுமா? "ஊருக்கு எத்தனையோ குறைகள் இருக்க, பந்தைப் பற்றியா எழுதுகிறீர்கள்?" என்று சில அன்பர்கள் கோபிக்கக்கூடும். பிள்ளைகள் ஊரைவிட்டுப் போவதும் அக்குறைகளில் ஒன்றென்றே நாம் கருதுகிறோம்.

முதலில் ஆட்கணக்கைப் பார்ப்போம். 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி நமது மாவட்டத்தின் சனத்தொகை ஏறக்குறைய 3 இலட்சத்து 80 ஆயிரம். பட்டினமும் சூழலும் பிரிவில் மாத்திரம் ஒரு இலட்சத்துக்குச் சற்றுக் குறைவானோர் இருந்தனர். இது போதாதென்று சொல்பவர்கள் நாவலப்பிட்டியை நினைத்துப் பார்க்க வேண்டும். மலைநாட்டின் அச்சிறு பட்டினம் நமது பட்டினத்திலும் பார்க்கச் சிறியது. ஆயினும் 2021இல் இலங்கை உதைபந்தாட்டத்தின் சுப்பர் லீக் போட்டி தொடங்கியபோது, அதில் இடம்பெற்ற பத்துக் கழகங்களுள் நாவலப்பிட்டியின் அப்கன்ட்ரி லயன்ஸ் கழகமும் ஒன்று. வென்னப்புவையின் நியூ யங்ஸ் கழகமும் அப்பத்தில் இருந்தது. கிண்ணத்தை வென்றது களுத்துறையின் புளூ ஸ்டார். மூன்று அணிகள் முப்படைகளுக்குரியவை. வடக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் ஓர் அணியேனும் இல்லை. கிழக்குக் கடற்படைத் தலைமையகம் நமது துறைமுகத்தில் இருக்கிறது. ஆனால் கடற்படையின் 'சீ ஹோக்ஸ்' அணி நம்மூர் அணியாகிவிடாது.

பெயரளவில் நமக்கு அணிகள் கிடைக்காமற் போகவில்லை. 2012இல் நடந்த இலங்கை பிரீமியர் லீக் கிரிக்கெட் போட்டியில் கிழக்கு மாகாணத்தின் பெயரைத் தாங்கி 'நாகெனஹிர நாகாஸ்' என்றோர் அணி ஆடியது. அஞ்சலோ மத்தியூஸ் அதன் தலைவர். இறுதியாட்டம் வரையிற் சென்று, ஊவா அணியிடம் மழைக் கணக்கிலே தோற்றது. ஆனால் அப்போட்டி முழுவதும் கொழும்பிலும் பல்லேகலையிலுமே நடந்தது. கிழக்கின் பெயர் சட்டையில் இருந்தது. கிழக்கில் ஒரு பந்தேனும் வீசப்படவில்லை. அணி இறுதியாட்டத்துக்குப் போன சேதியையே நம்மூரில் பலர் அறியவில்லை. மறு ஆண்டு, அணிகளை வாங்கியவர்கள் கொடுக்க வேண்டிய பணத்தைக் கொடாதபடியால் அப்போட்டியே நின்றுபோயிற்று.

யாழ்ப்பாணத்தின் கதையும் இதுவே, சற்று அதிர்ஷ்டத்தோடு. 2020இல் தொடங்கிய லங்கா பிரீமியர் லீக்கில் முதற் கிண்ணத்தை வென்றது யாழ்ப்பாண அணி. 2021, 2022, 2024ஆம் ஆண்டுகளிலும் அதுவே வென்றது. ஆனால் அந்நான்கு கிண்ணங்களுள் ஒன்றையும் அது யாழ்ப்பாண மண்ணில் வெல்லவில்லை. அங்கே தகுதியான மைதானம் இல்லாததே காரணம். 2025ஆம் ஆண்டு செப்டெம்பரிலேதான் மண்டைதீவில் ஒரு சர்வதேச மைதானத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். 2018இல் நடந்த வடக்கு கிழக்கு பிரீமியர் லீக் உதைபந்தாட்டத்தில் 'டிரிங்கோ டைட்டன்ஸ்' என்று நம்மூர் பெயரிலும் ஓர் அணி ஆடியது. அதற்காகத் தொண்டை வரளக் கத்தியவர்களில் நாமும் ஒருவர். அந்த ஆரவாரம் கூலிக்குக் கூடிய கூட்டத்தின் ஆரவாரமன்று என்பதை நாம் சாட்சியாகச் சொல்வோம்.

ஆகவே கேள்வி ஆர்வத்தைப் பற்றியதன்று, பணத்தைப் பற்றியது.

இவ்விடத்தில் அமெரிக்க தேசத்தைச் சற்று எட்டிப் பார்ப்பது பயன்தரும். அங்கே பேஸ்போல் என்னும் தளப்பந்தாட்டம் பெருவழக்கு. முப்பது பெருங்கழகங்கள் உச்சியில் இருக்கின்றன. ஒவ்வொன்றின் கீழும், ஆட்டக்காரரைப் பயிற்றி மேலே அனுப்பும் சிறு கழகங்கள் படிப்படியாக இருக்கின்றன. 2021 முதல் பெருங்கழகம் ஒன்றுக்கு நான்காக அவை மொத்தம் 120. அச்சிறு கழகங்களுள் மேற்படியில் உள்ளவற்றை 'டிரிப்பிள் ஏ' என்பார்கள். நடுத்தரப் பட்டினங்கள் விரும்பிப் போட்டியிடுவது அந்தப் படிக்கே. இதில் ஒரு சூட்சுமம் உண்டு. ஆட்டக்காரருக்குச் சம்பளம் கொடுப்பது மேலேயுள்ள பெருங்கழகம். பட்டினத்துக் கழகம் மைதானத்தை நடத்தி, நுழைவுச்சீட்டும் தின்பண்டமும் விளம்பரமும் விற்றுச் சீவிக்கிறது. சம்பளச்சுமை தலையில் இல்லாதபடியாலேதான் அப்பட்டினங்கள் தாக்குப்பிடிக்கின்றன.

அத்தகைய பட்டினங்களுள் ஒன்று நியூயோர்க் மாநிலத்து ரொச்செஸ்டர். அங்கே 'ரெட் விங்ஸ்' என்றொரு பழைய கழகம் உண்டு. 1956ஆம் ஆண்டு முடிவில் அதன் சொந்தக்காரரான பெருங்கழகத்தார் கைகழுவிவிட நினைத்தார்கள். மொறி சில்வர் என்னும் வர்த்தகர் முன்னின்று, பங்கு ஒன்று 10 டொலராக ஊர்மக்களுக்கே விற்கத் தொடங்கினார். எண்ணாயிரத்துக்கு மேற்பட்டோர் பங்கு வாங்கிக் கழகத்தை 1957இல் ஊருடைமையாக்கினர். இன்றுவரை அது ஊராரின் கழகமாகவே நடக்கிறது. மைதானத்துக்குப் பிற்காலத்தில் சில்வரின் பெயரையே சூட்டினார்கள்.

நமது நாட்டிலோ சம்பளம் கொடுக்க மேலே ஒரு பெருங்கழகம் இல்லை. அனைத்தையும் ஊரே சுமக்க வேண்டும். நாம் கடுதாசியில் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தோம். எண்கள் யாவும் நமது ஊகமே என்பதை வாசகர்கள் மனத்திற்கொள்ளவும். இருபத்தைந்து ஆட்டக்காரருக்கு மாதம் 60 ஆயிரம் ரூபாவீதம் கொடுப்பதாயின் மாதச் செலவு 15 இலட்சம். பத்து மாதத்துக்கு ஒன்றரைக் கோடி. பயிற்சியாளர், சாப்பாடு, வைத்தியம், பஸ் கூலி என்று இன்னும் 50 இலட்சம் வைப்போம். ஆக 2 கோடி. சொந்த மைதானத்தில் பத்து ஆட்டங்கள், ஆட்டமொன்றுக்கு மூவாயிரம் பேர், சீட்டு 200 ரூபா என்றால் வரவு 60 இலட்சம். இன்னும் 1 கோடியே 40 இலட்சம் துண்டு விழுகிறது. மூவாயிரம் பேர் ஒவ்வொரு முறையும் வருவார்கள் என்று நம்பிப் போட்ட கணக்கு இது!

பஸ் கூலியைச் சாதாரணமாக எண்ணிவிட வேண்டாம். கொழும்பு இங்கிருந்து ஏறக்குறைய 260 கிலோமீற்றர். கொழும்புக் கழகம் ஒன்று களுத்துறைக்குப் போய் ஆடிவிட்டு இரவுச் சோற்றுக்கு வீடு திரும்பிவிடும். நம்மவர்களோ முதல்நாளே புறப்பட்டு, இராத்தங்கி, கால் வீங்கி இறங்கி ஆட வேண்டும். எதிரணிகளும் நம்மூருக்கு வருவதற்கு முகஞ்சுளிக்கும்.

ஆனால் துண்டு விழும் தொகையை நிரப்ப வழியே இல்லையா? நமது துறைமுகத்தைச் சுற்றிக் கண்ணைத் திருப்பினால் பிறீமா மாவாலை தெரிகிறது. தோக்கியோ சீமெந்துத் தொழிற்சாலை தெரிகிறது. சீனன்குடாவில் எண்ணெய்க் குதங்கள் தெரிகின்றன. இவை யாவும் இத்துறைமுகம் ஆழமானது என்பதற்காகவே இங்கு வந்தவை. ஊருக்கு ஒரு கழகம் உருவாகி, அதன் கணக்கு ஒழுங்காக இருக்குமாயின், இவர்களிடம் போய்ச் சட்டையின் மார்பில் பெயர் பொறிக்கக் கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. மிகுதியை ரொச்செஸ்டர் வழியில் ஊராரிடம் கேட்கலாம். பத்தாயிரம் குடும்பங்கள் ஆளுக்கு ஆயிரம் ரூபா போட்டால் ஒரு கோடி. அது முதல்வருஷத்தை ஓட்டும். இரண்டாம் வருஷத்துக்குக் கழகம் தன் ஆட்டத்தால் பதில் சொல்ல வேண்டும்.

'கணக்கு ஒழுங்காக இருக்குமாயின்' என்று மேலே எழுதினோம். அதற்குக் காரணம் உண்டு. பல வருஷங்களுக்கு முன்னர் கழகமொன்றின் கட்டட நிதிக்காக நாமும் வீடுவீடாக ஏறி இறங்கிப் பணம் திரட்டினோம். பெயர் வேண்டாம். கட்டடமும் எழவில்லை, கணக்கும் காட்டப்படவில்லை. நம்மிடம் காசு தந்த ஒரு தையற்கார அக்கா இன்றும் கடைத்தெருவில் நம்மைக் கண்டால், "தம்பி, அந்தக் கட்டடம் எந்த மட்டில நிக்குது?" என்று சிரித்துக்கொண்டே கேட்பார். அச்சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் நமக்கு உடல் கூசுகிறது. மாதந்தோறும் வரவு செலவைக் கடதாசியில் எழுதி மைதான வாசலில் ஒட்டும் துணிவில்லாதவர்கள் இக்காரியத்தில் இறங்கவே கூடாது.

இன்னொரு விஷயம், வீட்டுப் பெண்மணிகள் சம்பந்தமானது. அன்று நாம் கண்ட ஐந்நூறு பேருள் பெண்கள் எத்தனை பேர்? இரண்டு கை விரல்கள் போதும். உதைபந்தாட்டம் பெண்களுக்குப் பிடிக்காதென்று ஆண்கள் சொல்லிக்கொள்கிறார்கள். நம் வீட்டில் விசாரித்தோம். "மூண்டு மணித்தியாலம் வெயிலில் நிண்டு, ஒதுங்க ஓர் இடமும் இல்லாமல், பிள்ளையையும் தூக்கிக்கொண்டு நாங்கள் அங்கை வந்து என்ன செய்யிறது?" என்று பதில் வந்தது. நிழற்கூரையும், சுத்தமான மலசலகூடமும், குடிதண்ணீரும் வைத்தால் குடும்பம் குடும்பமாக வருவார்கள். அமெரிக்கச் சிறு கழகங்கள் பிழைப்பது இவ்வகையாலேதான். தோற்றாலும் பிள்ளைகளுக்கு ஒரு மாலைப்பொழுது கிடைத்ததென்று திருப்தியோடு வீடு திரும்பும் கூட்டம் அது. ஒரு குடும்பம் வந்தால் சீட்டு ஒன்றல்ல, நான்கு.

காலநிலையும் நமக்கு ஓரளவு துணைசெய்யும். தென்மேற்குப் பருவத்தில் கொழும்பு மைதானங்கள் சேறாகிக் கிடக்கும்போது நமது கரை காய்ந்து கிடக்கிறது. நிலாவெளிக்கும் உப்புவெளிக்கும் உல்லாசப் பிரயாணிகள் வருவதும் அம்மாதங்களிலேயே. வாடைமழைக் காலத்தை விட்டுவிட்டு, மாசி தொடங்கி ஆவணி வரையிலான பருவத்தை நமது கரைக்கு ஒதுக்கும்படி கேட்பது நியாயமானதே. உச்சி வெயிலும் கச்சானும் அடங்கிய பின்னர், மாலை ஐந்து மணிக்கு மேல் ஆட வேண்டும் என்பது மட்டுந்தான் தொல்லை. அதற்கு மின்விளக்கு வேண்டும். விளக்குக்குப் பணம் வேண்டும்.

நம்மை மிகவும் யோசிக்கவைப்பது வேறொன்று. தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் ஏறக்குறைய ஒருவருக்கொருவர் தோளளவாக வாழும் மாவட்டம் நமது. மூதூரும் கிண்ணியாவும் பட்டினமும் கந்தளாயும் தத்தமக்கெனக் கழகங்கள் வைத்திருக்கின்றன. 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கப்படும் வரையில், மறுகரைப் பிள்ளை இங்கே பந்தடிக்க வருவதென்றால் பாதைக்குக் காத்துக்கிடக்க வேண்டும். இன்று சில நிமிஷங்களில் வந்துவிடுகிறான். ஆனால் 'எங்கள் கழகம்' என்று மூன்று சாராரும் ஒரே அணியைக் குறித்துச் சொல்லும் நிலை இன்னும் வரவில்லை. ஓர் அணியில் கிண்ணியாப் பையன் பந்தைக் கொடுக்க, பாலையூற்றுப் பையன் அடிக்க, கந்தளாய்ப் பையன் கோலைக் காப்பானாயின் கூட்டம் தானே சேரும். ஆனால் தெரிவுக்குழுவில் யார் யார் இருப்பதென்று முதல்நாளே சண்டை மூளவும் கூடும். இரண்டும் நடக்கக்கூடிய ஊர் இது என்பதை நாம் ஒளிக்கப்போவதில்லை.

நமது அபிப்பிராயத்தைக் கேட்டால், நாளைக்கே ஒரு பெருங்கழகத்தை இவ்வூர் தாங்காது. அதற்கென்று ஒரு பணக்காரர் வந்து வாங்கித் தருவாராயின், அவர் போகும்போது கழகமும் அவரோடு போய்விடும். ஆனால் மூன்று வருஷங்கள், கீழ்ப்படியில், சிறு சம்பளத்தோடு, ஊர்ப் பங்குப் பணத்தில் ஓர் அணியை நடத்திப் பார்க்க இவ்வூரால் இயலும். உதைபந்தாட்டத்தில் வென்றவன் மேற்படிக்கு ஏறும் விதி இருக்கிறது. அமெரிக்கச் சிறு கழகங்களுக்கு அந்த வழி கிடையாது. அவை எத்தனை முறை வென்றாலும் பெருங்கழகம் ஆகமாட்டா. 2023இல் உலக சம்மேளனம் நமது நாட்டுச் சம்மேளனத்தை ஜனவரி முதல் ஆகஸ்டு வரை விலக்கிவைத்ததைப் போன்ற சங்கடங்கள் மீண்டும் வந்தால் ஏற்பாடுகள் யாவும் குலையும் என்பதையும் பங்கு வாங்குகிறவர்களிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

அன்றைய ஆட்டம் ஒன்றுக்கொன்று என்று முடிந்தது. பத்தாம் இலக்கப் பையன் காலணியைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்தான். அங்கே அவனுடைய தாயார் தம்பியோடு காத்துநின்றார். நாம் அருகிற் சென்று, "நல்லாய் ஆடினாய் தம்பி. கொழும்புக்குப் போகிறாயாமே?" என்று கேட்டோம். அவன் தாயைப் பார்த்தான்.

"இங்கை ஒரு வழி இருந்தால் ஏன் ஐயா அனுப்பப்போறன்?" என்றார் அந்த அம்மா.