பூட்டும் சாவியும் யார் கையில்?

1964 மே 17ஆம் நாள், 50, 100 கியாட் தாள்கள் செல்லாதென நெ வின் அரசு அறிவித்தது. முந்தைய ஆண்டே வங்கிகள் அரசுடைமையாகியிருந்தன. அவ்வாண்டு மார்ச்சில் ரங்கூன் கடைகளும் பறிபோயின. தலைமுறைகளாய் உழைத்துச் சேர்த்த பர்மியத் தமிழர் பலர் வெறுங்கையோடு கப்பலேறினர். கணக்கேடுகளைக் கொண்டுவந்தோருக்கும் அவற்றின்பேரில் பணம் தருவார் எவருமிலர்.

காப்புறுதித் தொழிலும் அங்கு நெடுங்காலம் அரசின் தனியுரிமையாகவே இருந்தது. 2013இல்தான் தனியார் நிறுவனங்கள் மீண்டும் தொழில் தொடங்கின. 2019இல் அயல்நாட்டு ஆயுள் காப்புறுதி நிறுவனங்கள் உரிமம் பெற்றன. யாங்கூனில் வாழும் பெற்றோருக்காக அயலகத்திலிருந்து சந்தா செலுத்தும் பிள்ளைகள் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றுண்டு: நாளை அந்தப் பதிவேட்டை எவரேனும் திருத்தினால் என்செய்வது?

இதற்கு விடையாக முன்வைக்கப்படுவதே பிளாக்செயின் என்னும் தொடரேடு. ஒவ்வொரு பதிவும் முந்தைய பதிவின் எண்வழி முத்திரையைத் தாங்கி நிற்கும். படிகள் பல கணினிகளில் இருக்கும். ஓரிடத்தில் ஓரெழுத்தை மாற்றினாலும் முத்திரை பொருந்தாது, களவு வெளிப்படும். மருத்துவ விவரங்களைக் குறியாக்கம் செய்து தனியே காத்து, அவற்றின் முத்திரையை மட்டும் தொடரேட்டில் இடுவதே முறை.

ஆயினும் இது மந்திரக்கோல் அன்று. பொய்யாய்ப் பதிந்ததும் அழியாமல் நிற்கும். காப்புறுதி நிறுவனங்கள் கூடி இதற்கென 2016இல் தொடங்கிய பி3ஐ என்னும் கூட்டமைப்பே 2022இல் நொடித்தது. 2021 ஆட்சிக்கவிழ்ப்பின்பின் யாங்கூனில் பல வாரங்கள் இரவுதோறும் இணையம் துண்டிக்கப்பட்டது. 2025 சனவரியில் இயற்றப்பட்ட இணையப் பாதுகாப்புச் சட்டம், அனுமதியின்றி வி.பி.என். சேவை வழங்குவோரைத் தண்டிக்கிறது. கியாட்டின் மதிப்போ வீழ்ந்துவிட்டது. இழப்பீட்டுத் தொகை முழுதாய்க் கிடைத்தாலும் அதன் வாங்குதிறனை எந்தக் குறியாக்கமும் மீட்டுத் தராது.

தொழில்நுட்பம் சான்றைக் காக்கும், நீதியை வழங்காது. எனினும் சான்றில்லாதவனுக்கு நீதி கேட்கும் வாய்ப்பே இல்லை. ஆகவே பெற்றோர் தம் காப்புறுதிப் பத்திரம், சந்தாச் சீட்டு, பயனாளர் பெயர் ஆகியவற்றைப் பிள்ளைகளிடம் மறைத்தல் தகாது. இளையோர் அவற்றைப் படியெடுத்துக் குறியாக்கம் செய்து, நாடு கடந்து இரண்டிடங்களிலேனும் வைத்தல் வேண்டும். மறைச்சொல்லைக் குடும்பத்தில் இருவரேனும் அறிந்திருத்தல் நன்று. ஒருவரோடு அது மறைந்தால் பூட்டே பகையாகிவிடும்.

பாட்டன்மார் கப்பலில் கொண்டுவர இயலாததைப் பெயரர் கணினியில் காக்க இயலும். அதற்கு முதற்படி, இன்றிரவே பெட்டியைத் திறந்து பத்திரங்களை எடுத்துப் பார்ப்பதேயாகும்.