தூண்டில் அறுந்தால் குற்றம் யாருடையது?

மீன் பிடிக்கப் போனவர் வெறுங்கையோடு திரும்பினால் வீட்டில் கேலி செய்வார்கள். இங்கிலாந்தில் கெண்டை பிடிக்கப் போகிறவர்களுக்கு அந்தக் கவலை இல்லை. பெரிய கெண்டை கிடைத்தால் எடை போடுகிறார்கள், படம் எடுக்கிறார்கள், மறுபடியும் குளத்திலேயே விட்டு விடுகிறார்கள்!

குழம்புக்காக அவர்கள் பிடிக்கவில்லை. அது அவர்களுக்கு விளையாட்டு.

விளையாட்டு என்றால் அதற்கு ஒரு நியாயம் வேண்டும் அல்லவா? பிடித்த மீன் உயிரோடு திரும்ப வேண்டும் என்பதுதான் இதில் உள்ள நியாயம். ஆனால் பாசியும் மரக்கட்டையும் நிறைந்த இடத்தில் தூண்டில் போடும் சிலர், இந்த நியாயத்தை மறந்து விடுகிறார்கள்.

கெண்டையின் கோட்டை

இந்தக் கெண்டை நம் நாட்டுக்கும் வந்த மீன்தான். 1939-ம் ஆண்டு இலங்கையில் இருந்து கொண்டு வந்து ஊட்டி ஏரியில் விட்டார்கள். "சாதாக் கெண்டை" என்று பெயர். உதட்டோரம் நான்கு மீசை இருக்கும். வாயில் பல் கிடையாது. பல் எல்லாம் தொண்டைக்குள்ளே! நத்தையைக் கூட அங்கே வைத்து நொறுக்கி விடும்.

நத்தையும் புழுவும் பாசிக்குள்தான் அதிகம். வெயில் நேரத்தில் நிழலும் அங்கே கிடைக்கும். தண்ணீரில் சாய்ந்து கிடக்கும் மரத்தின் கிளைகளுக்குள் புகுந்து கொண்டால் நாரையும் நீர்நாயும் எளிதில் நெருங்க முடியாது. கெண்டைக்கு அதுதான் கோட்டை. தூண்டில் முள் குத்தியதும் அது நேரே அங்கேதான் ஓடும்.

ஓடினால் என்ன ஆகும்? நரம்பு பாசியில் சுற்றிக் கொள்ளும். கிளையில் சிக்கிக் கொள்ளும். கரையில் இருப்பவர் பலம் கொண்ட மட்டும் இழுப்பார். நரம்பு பட்டென்று அறுந்து விடும்.

"அடேயப்பா! எவ்வளவு பெரிய மீன் தெரியுமா? அறுத்துக் கொண்டு போய் விட்டது" என்று அவர் நண்பர்களிடம் பெருமை பேசுவார்.

மீன் எங்கே போயிற்று? சில சமயம் எங்கேயும் போவதில்லை. உதட்டில் முள்ளோடு, முளையில் கட்டிய ஆடு போல, அந்தக் கட்டையிலேயே கட்டுண்டு கிடக்கும். இரை தேட முடியாது. அப்படியே சாகும். அதைப் பெருமை பேசுபவர் பார்ப்பதில்லை.

44 ராத்தல் மீன்

பாசி உள்ள குளத்தில் மீன் பிடிக்கவே கூடாதா? அப்படிச் சொல்ல முடியாது. ரிச்சர்ட் வாக்கர் என்பவர் அதைச் செய்து காட்டினார்.

ஹெரபோர்டுஷயரில் ரெட்மயர் என்று ஒரு சிறிய குளம் இருக்கிறது. பரப்பு சுமார் 3 ஏக்கர்தான். ஒரே பாசி. 1952-ம் ஆண்டு செப்டம்பர் 13-ந் தேதி விடியற்காலையில், அங்கே வாக்கர் 44 ராத்தல் கெண்டையைப் பிடித்தார். கிட்டத்தட்ட 20 கிலோ! அந்த மீன் லண்டன் மிருகக்காட்சி சாலைக்குப் போய், 1971 வரை அங்கே உயிரோடு இருந்தது.

வாக்கர் அதிர்ஷ்டத்தை நம்பிப் போனவர் அல்ல. பெரிய கெண்டைக்கு என்றே மூங்கில் பிளாச்சுகளை ஒட்டித் தூண்டில் கோல் செய்து கொண்டார். பக்கத்தில் நண்பர் ஒருவரும் இருந்தார்.

கோட்டைக்கு வெளியே

பாசிக் குளத்தில் முதல் தந்திரம், இரையைப் பாசிக்குள் வீசாமல் இருப்பதுதான். பாசியை விட்டுச் சற்றுத் தள்ளி, தரை சுத்தமாக உள்ள இடத்தில், நாலைந்து நாள் இரை தூவி வர வேண்டும். மீன் பழகி விட்டால் தானே வெளியே வரும். இதற்குப் பொறுமை வேண்டும். அவசரக்காரர்களுக்குப் பிடிக்காத தந்திரம் இது!

நரம்பு கனமாக இருக்க வேண்டும். சக்கரத்தை இறுக்கி வைத்துக் கொண்டு, கோலின் அருகிலேயே உட்கார்ந்திருக்க வேண்டும். மீன் தொட்டதும் ஒலிக்கும் மின்சார மணியை உருவாக்கியவரும் வாக்கர்தான். ஆனால் இன்று அந்த மணியை நம்பிக் கூடாரத்தில் தூங்குகிறவர்கள் உண்டு. அவர்கள் கண்ணைக் கசக்கிக் கொண்டு வருவதற்குள் மீன் கிளைக்குள் நுழைந்து விடும்.

அதையும் மீறிப் பாசிக்குள் போய் விட்டால், முரட்டுத்தனமாக இழுக்கக் கூடாது. நரம்பைச் சற்றுத் தளர்த்தி விட்டுக் காத்திருந்தால், பல சமயம் மீனே நகர்ந்து வெளியே வரும். வராவிட்டால் கரையில் வேறு பக்கம் போய் நின்று இழுக்கலாம்.

முள்ளிலும் கவனம் வேண்டும். தூண்டில் முள்ளின் முனையில் பின்பக்கமாக நீட்டிக் கொண்டு இருக்கும் சிறு கூர் இல்லாத முள்ளே நல்லது. நரம்பு அறுந்தாலும் மீன் அதை எளிதில் உதறி விடும்.

ஈயக் குண்டு பற்றித்தான் தகராறு. குண்டு பாசியில் மாட்டிக் கொண்டால் மீனும் மாட்டிக் கொள்ளும். அதனால் குண்டு தானே கழன்று விழும்படி கட்டச் சொல்கிறார்கள். மீனுக்கு நல்லதுதான். ஆனால் ஒவ்வொரு மீனுக்கும் ஒரு குண்டு குளத்தில் சேருகிறதே! சிறு ஈயக் குண்டுகளை விழுங்கி அன்னப் பறவைகள் செத்ததால், சுமார் 28 கிராம் வரை உள்ள குண்டுகளை இங்கிலாந்தில் 1987-ல் தடை செய்தார்கள். கெண்டைக்குப் போடும் குண்டுகள் பெரும்பாலும் அதை விடக் கனமானவை. ஆகவே தடைக்குள் வரவில்லை. கூழாங்கல்லைக் கட்டிப் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். காசும் மிச்சம், குளமும் சுத்தம். கடைக்காரருக்குத்தான் நஷ்டம்!

"இத்தனை ஜாக்கிரதை எதற்கு? முடியாத இடத்தில் பிடிப்பதுதானே திறமை?" என்று கேட்பவர்கள் உண்டு. மீன் கரைக்கு வந்தால் திறமை. வராது என்று தெரிந்தே மரக்கிளைக்குள் முள்ளை வீசுவது திறமை அல்ல. நரம்பு அறுந்தால் மீனின் பலத்தைப் புகழ்ந்து தப்பிக்க முடியாது. இடத்தைத் தேர்ந்தெடுத்தவர் மனிதர்தானே!

இங்கிலாந்தில் சில குளங்களில், விழுந்த மரத்தைச் சுற்றிக் கயிறு கட்டி விட்டார்கள். கயிற்றுக்கு அந்தப் பக்கம் தூண்டில் போடக் கூடாது. பெரிய மீன் அங்கேதான் இருக்கிறது என்று சிலர் முணுமுணுக்கிறார்கள். இருக்கட்டுமே! பசித்தால் அது கயிற்றுக்கு இந்தப் பக்கம் வரும். அதுவரை அவர்கள் காத்திருக்கலாம்.